இருபத்தாறு டிகிரி

இருபத்தாறு டிகிரி என்கிறது போன். இருபத்தாறு என்றால் இதமான சூடு, குடைமிளகாய்ச் செடிக்கு ரொம்பப் பிடித்த சூடு என்று அவர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அப்படியானால் என் முதுகில் ஓடுவது என்ன. கழுத்தில் தொடங்கி ஜாக்கெட்டுக்குள் இறங்கி, மேலே போட்டிருக்கிற அவருடைய பழைய முழுக்கைச் சட்டையை முதுகோடு ஒட்ட வைத்துவிட்டது. மணி பன்னிரண்டே கால். மாசி மாதம். எங்கள் தளிப் பக்கம் மாசியில் இப்படி வேர்க்காது, அதாவது வெளியே வேர்க்காது, இந்தப் பிளாஸ்டிக் குடிலுக்குள், பாலிஹவுசுக்குள் வேர்க்கலாம், ஆனால் உள்ளே அந்த அளவுக்குச் சூடு ஏறியிருந்தால் போன் முப்பதைத் தாண்டிக் காட்டியிருக்கும், மோட்டார் தானாக ஓடியிருக்கும், பக்கத்திரைகள் சுருண்டு மேலே போயிருக்கும். போகவில்லை. இரண்டு பக்கமும் வெள்ளைத் திரை தரைவரை இறங்கித்தான் இருக்கிறது, ராத்திரிப் பனிக்கு இறங்கியது இறங்கியபடி. ஆகவே இங்கே சூடு இல்லை. ஆகவே சூடு எனக்குத்தான். இப்படிக் கணக்காக யோசித்தால் சரியாகத்தான் வருகிறது, ஆனால் யோசித்து முடித்ததும் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு கண்ணுக்குள் விழுகிறது, எரிகிறது, மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. கையில் கயிறு. ஒரு செடிக்கு இரண்டு கிளை, ஒவ்வொரு கிளைக்கும் மேலே கம்பியிலிருந்து தொங்கும் ஒரு கயிறு, வாரத்துக்கு ஒருமுறை கிளையைக் கயிற்றோடு சுற்றிவிட வேண்டும். கூலிக்கு வருகிற எல்லம்மா இருந்தால் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு வரிசையாகப் போவோம், அவளிடம் கேட்டிருக்கலாம், உனக்கும் வேர்க்குதா என்று சும்மா கேட்கிற மாதிரி. அவள் கெலமங்கலத்தில் நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டாள். கேட்க ஆளில்லை. செடிகளைக் கேட்கலாம் என்றால் இலைகள் கொஞ்சம் தொங்குகின்றன, ஆனால் மத்தியான வெயிலில் இலை எப்போதும் கொஞ்சம் தொங்கும், அது களைப்பா, தூக்கமா, எனக்குத் தெரிந்த வரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஒரு வருடமாகவே இந்தச் சூடு வருகிறது. முதல் தடவை ஓசூர் பஸ்ஸில் வந்தது. ஜன்னல் திறந்திருந்தது, காற்று முகத்தில் அடித்தது, ஆனாலும் நெஞ்சுக்குள் யாரோ அடுப்பைப் பற்றவைத்த மாதிரி ஒன்று எழும்பிக் கழுத்துக்கு ஏறி, காதைத் தொட்டு, உச்சந்தலை வரை போய்ப் பிறகு மெதுவாக இறங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என்னையே பார்த்தாள். காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டேன். மெடிக்கலில் காய்ச்சல் பார்க்கிற கருவி ஒன்று வாங்கிப் பையிலேயே வைத்துக்கொண்டேன், வரும்போதெல்லாம் நாக்குக்கடியில் வைத்துப் பார்ப்பேன், தொண்ணூற்றெட்டுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான், உடம்பு கொதிக்கிறது, கருவி ஒன்றுமில்லை என்கிறது. போன வாரம் லேடி டாக்டரிடம் போனேன். வயசு கேட்டார், நாப்பத்தெட்டு என்றேன், மாசாமாசம் வருதா என்றார், அஞ்சு மாசமா இல்லை என்றேன். "அப்ப இது அதுதாம்மா, போகப்போகச் சரியாயிடும்," என்று சொல்லிக்கொண்டே எலும்புக்கு ஒரு மாத்திரை எழுதினார். எது போகப்போக, எது சரியாகும் என்று கேட்க வாயெடுப்பதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டாள். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. போனில் எப்படிச் சொல்வது. அவர் கூப்பிட்டால் முதலில் கேட்பது ஈரப்பதம், பிறகு தண்ணீர்த் தொட்டி, பிறகு மகள் பேசினாளா, அதற்குப் பிறகு சாப்டியா. அந்தக் கேள்விகளுக்கு நடுவில் எங்கே இதை வைப்பது. இதற்கு ஒரு பெயர்கூட எனக்குத் தெரியாது. சூடு என்றால் அவருக்கு அது பாலிஹவுஸ்.

அவருக்குச் சூடும் குளிரும்தான் வேலையே. மஸ்கட்டில் ஒரு பெரிய கட்டடத்தின் ஏசி மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறார், பதினோரு வருடமாக. நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் யார் யாரோ கம்பளி போர்த்திக்கொள்கிற அளவுக்குக் குளிரவைக்கிறவர். போன லீவில் வந்தபோதுதான் இதையெல்லாம் பூட்டினார்கள், மேலே சென்சார், மூலையில் கேமரா, திரைக்கு மோட்டார், புகை மாதிரித் தண்ணீர் தெளிக்கிற ஃபாகர், எல்லாவற்றையும் சேர்த்து வாசலில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. எல்லாம் அவருடைய போனில் தெரியும், என்னுடையதிலும் தெரியும், ஆனால் என்னுடையதில் பார்க்கத்தான் முடியும், எதையும் மாற்ற முடியாது. முதலில் அப்படி இல்லை. முதலில் எனக்கும் எல்லாம் இருந்தது. கார்த்திகையில் ஒருநாள் விடியற்காலையில் பழுத்த இலைகளைக் கிள்ளிக்கொண்டு நின்றேன், தாங்கமுடியாத வெக்கை, செடியெல்லாம் வெந்துவிடும் போலத் தோன்றியது, போனை எடுத்துத் திரையைத் திறக்கச் சொல்லி அமுக்கினேன். திரை ஏறியது. பனி உள்ளே வந்தது. வெளியே குளிரில் நாய் சுருண்டு கிடந்ததை அப்புறம்தான் பார்த்தேன். பத்து நாளில் சாம்பல் நோய், இரண்டு வரிசைச் செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டியதாயிற்று. "பன்னெண்டு டிகிரி காட்டுது நாகு, பன்னெண்டு. எதை வச்சுத் திறந்த?" என்று கேட்டார். திட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார், அதுதான் கஷ்டமாக இருந்தது. எனக்குத் தோணுச்சுங்க என்றேன். இனிமே நீ தொடாத, நான் பாத்துக்கிறேன் என்றார். சரி என்றேன். அந்தச் சரியில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. இனி எதையும் தோன்றவைத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது வரிசையில் ஒரு இடத்தில் செடிகள் அடர்த்தியாக வளர்ந்து கேமராவை மறைக்கின்றன. சூடு வந்தால் அங்கே போய்க் காய் பறிக்கிற கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்துகொள்வேன். இப்போதும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். இது அந்தச் சூடுதானா என்பதுதான் புரியவில்லை. அந்தச் சூடு வரும், இறங்கும், போய்விடும், ஐந்து நிமிஷம், மிஞ்சினால் எட்டு. இது இறங்கக் காணோம். ஆனால் எப்போது தொடங்கியது என்று கவனிக்கவில்லை, ஒருவேளை இரண்டு மூன்று சேர்ந்து ஒன்றன்பின் ஒன்றாக வருகிறதோ. அப்படி வருமா. டாக்டரிடம் கேட்டிருக்க வேண்டும். கண்ணை மூடினால் மூச்சு ஈரத்துணிக்குள் விடுகிற மாதிரி இருக்கிறது. போன் அடிக்கிறது. அவர்தான்.

"எங்க போயிட்ட? ஆளையே காணோம்."

"இங்கதாங்க. மூணாவது வரிசையில கயிறு சுத்துறேன்."

"பத்து நிமிஷமா அசைவே இல்லையே."

"கீழ இருக்கற கிளைங்க. உக்காந்துதான் சுத்தணும்." பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது. "ஏங்க, அங்க எவ்ளோ காட்டுது?"

"இருபத்தாறு. உனக்குத் தெரியலையா? ஈரம் எண்பத்தெட்டு, அது கொஞ்சம் ஜாஸ்தி. பரவால்ல, வெயில் ஏறினா சரியாயிடும்."

"வெயில் ஏறிடுச்சுங்க."

"ஏறினா திரை தானா திறக்கும் நாகு. மெஷின் பாத்துக்கும். நீ கயித்தப் பாரு." அப்புறம், "பிஞ்சு நல்லாப் பிடிக்குதா? இந்த ஒரு போகத்த ஒழுங்கா எடுத்துட்டம்னா ஆவணியில நான் வந்துடலாம். வேலைய வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடுவேன்," என்றார்.

சரிங்க என்றேன். எதற்கு எடுத்தாலும் சரிங்க. போனை வைத்த பிறகு ஆவணி என்ற சொல் மட்டும் காதில் நிற்கிறது. பதினோரு வருடமாக அவர் வருவதும் போவதும் இருபது நாள், முப்பது நாள். அந்த நாட்களில் நான் வேறு மாதிரி இருப்பேன், சேலையெல்லாம் நல்லதாக எடுத்துக் கட்டி, ராத்திரி விழித்திருந்து பேசி. இனிமேல் எல்லா நாளும் அவர் பக்கத்திலேயே படுத்திருந்தால், நடுராத்திரி நான் எழுந்து போர்வையை உதறிவிட்டு ஈரத் தலையணையைத் திருப்பிப் போடுவதைப் பார்த்தால், என்ன ஆச்சு என்பார், எவ்ளோ இருக்கு என்பார். அவர் வரவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன், அது பொய்யில்லை. ஆனால் வேண்டிக்கொள்ளும்போது அவர் வருகிற வழியைத்தான் நினைக்கிறேன், வண்டியை விட்டு இறங்குவது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவது. வந்த பிறகு என்ன என்பதை நினைத்ததே இல்லை. அவர் விட்டுவிட்டுப் போனவள் நான்தானா என்று அவருக்கு எப்படித் தெரியும், எனக்கே தெரியவில்லை. காலடியில் ஏதோ வெள்ளையாகக் கிடக்கிறது. பூ. குடைமிளகாய்ப் பூ சின்னது, நட்சத்திரம் மாதிரி, காம்போடு உதிர்ந்திருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் இன்னொன்று. குனிந்து பார்த்தால் வரிசை முழுக்க அங்கங்கே. சூடு மிஞ்சினால் பூ கொட்டும், பூ கொட்டினால் காய் இல்லை. ஆனால் பூ சும்மாவும் கொட்டும். நேற்றுச் சாயங்காலம் இந்த வரிசையைப் பெருக்கினேனா. பெருக்கினேன் என்றுதான் ஞாபகம், இல்லை, நேற்று ரேஷனுக்குப் போய்விட்டு வரவே இருட்டிவிட்டது, பெருக்கியது முந்தாநாள். முந்தாநாள்தானா. இப்போதெல்லாம் எதை எங்கே வைத்தேன், எதை எப்போது செய்தேன் என்பதே நழுவிப் போகிறது, அதுவும் இதில் சேர்த்திதான் என்று நாத்தனார் சொன்னாள். சூடும் சேர்த்தி, மறதியும் சேர்த்தி, அப்படியென்றால் நான் பார்ப்பதையும் உணர்வதையும் ஞாபகம் வைத்திருப்பதையும் எதை நம்பி ஒருவரிடம் சொல்வது. இரண்டு வரிசை எரிந்தபோது வந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. பச்சைச் செடி சுலபத்தில் எரியாது. நாள் முழுக்கப் புகைந்துகொண்டே இருந்தது.

பையிலிருந்து காய்ச்சல் கருவியை எடுத்து வாயில் வைத்தேன். பீப் என்றது. தொண்ணூற்றெட்டு புள்ளி ஒன்பது. எப்போதும் போலத்தான். கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், அப்போதுதான் தோன்றியது, தோன்றியதை நம்பக் கூடாது என்று நினைத்தபடியே தோன்றியது, இது என்னையேதான் பார்க்க வேண்டுமா என்ன. தண்ணீர் பாட்டிலைத் திறந்து முனையைக் கழுவினேன், முந்தானையில் துடைத்தேன், பட்டனை அமுக்கி, ஒரு செடியின் கிளைக்கிடையில் இலை நிழலில் செருகி, மூச்சுக்கூடப் படாமல் தள்ளி நின்றேன். முதலில் லோ என்று காட்டியது. அப்புறம் தொண்ணூற்று நாலு. தொண்ணூற்றேழு. அது என் வாயின் சூடு மிச்சம் என்று சொல்லிக்கொண்டேன், கழுவினாலும் உள்ளே கொஞ்சம் இருக்கும். ஆனால் மிச்சமென்றால் இறங்கத்தானே வேண்டும். நூறு. நூற்றொன்று. நூற்றியிரண்டு புள்ளி இரண்டில் பீப் என்றது. செடிக்குக் காய்ச்சல். சிரிப்பு வந்தது. இப்போது மூன்று பேர் மூன்று சொல்கிறார்கள். போன் இருபத்தாறு என்கிறது. கருவி நூற்றியிரண்டு என்கிறது, அது வேறு கணக்கு, எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த டிகிரிக்கு அதை எப்படி மாற்றுவது என்று எனக்குத் தெரியாது, ஆனால் என் வாயைவிடக் காற்று சூடு என்பது மட்டும் தெரிகிறது. மூன்றாவது ஆள் நான். நான் கார்த்திகையில் தப்பாகச் சொன்னவள். இந்தக் கருவியும் பழசாகியிருக்கலாம், ஒரு வருடமாகப் பையில் கிடந்து அடிபட்டது. மஸ்கட்டுக்குக் கூப்பிட்டு, மெடிக்கலில் வாங்கினதை வைத்துப் பார்த்தேன், உங்கள் மெஷின் தப்பு என்று சொன்னால் சிரிப்பார். சிரிக்காவிட்டால் இன்னும் மோசம், பொறுமையாக விளக்குவார். திறந்து, அது தப்பாகப் போனால், மறுபடி நோய் வந்தால், ஆவணி போய் அடுத்த ஆவணி. திறக்காமல் விட்டு இது நிஜமாக இருந்தாலும் அதே. இரண்டு பக்கமும் அவர் வராமல் போவதுதான் நிற்கிறது. அதனால் அதை ஒதுக்கிவைத்தால் மீதி என்ன இருக்கிறது என்று பார்த்தேன். கீழே கிடக்கிற பூ இருந்தது. அவ்வளவு நேரம் நின்றதில் இன்னொன்று விழுந்திருந்தது. அது விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். நேற்றா முந்தாநாளா என்று கேட்க வேண்டியதில்லை.

எழுந்து மேற்குப் பக்கத் திரைக்குப் போனேன். மோட்டாரைக் கழற்றிவிடுகிற கொக்கியை மெக்கானிக் ஒருமுறை காட்டியிருக்கிறார், கரண்ட் போனால் கையால் சுற்றுவதற்கு. கொக்கி துருப்பிடித்து இறுகியிருந்தது, சட்டை நுனியைச் சுற்றி இழுத்தேன், வந்தது. கைப்பிடி கனம். ஒரு சுற்றுக்குத் திரை ஒரு சாண்கூட ஏறவில்லை. சுற்றும்போது கேமரா நேரே என் முதுகைப் பார்க்கிறது, பார்க்கட்டும், பார்க்கக் கூடாது, பார்க்கட்டும், கை சுற்றிக்கொண்டே இருக்கிறது. முழங்கால் உயரம் திறந்ததும் உள்ளேயிருந்து காற்று வெளியே பாய்ந்து காலைச் சுட்டது, பாத்திர மூடியைத் திறந்தால் ஆவி வருமே அது மாதிரி, என் உடம்பிலிருந்து கிளம்புகிற சூடு இப்படிக் காலில் வந்து மோதாது. அதற்கப்புறம் எண்ணவில்லை. மேற்குத் திரையை ஏற்றிவிட்டுக் கிழக்குக்கு ஓடினேன். பாதி ஏற்றும்போது போன் அடித்தது. விட்டுவிட்டு முழுக்க ஏற்றினேன். மறுபடி அடித்தது.

"என்ன பண்ற நீ? திரை மோட்டார் எரர்னு வருது. கையாலயா திறந்த?"

"ஆமாங்க."

"நாகு." அவ்வளவுதான் சொன்னார். பின்னால் மெஷின் இரைச்சல் கேட்டது. "எதை வச்சுத் திறந்த?"

அதே கேள்வி. காய்ச்சல் கருவியைச் சொன்னேன், பூவைச் சொன்னேன், காலைச் சுட்ட காற்றைச் சொன்னேன். நூற்றியிரண்டு என்றதும் அவர் வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டார். "முப்பத்தொம்போது," என்றார். "சென்சார் கிட்ட போய்ப் பாரு. கூடை மேல ஏறிப் பாக்க முடியுமா? பாத்து ஏறு."

கூடையைக் கவிழ்த்து ஏறினேன். நடுவில் கம்பியில் தொங்குகிறது வெள்ளைப் பெட்டி. கையால் தொட்டால் சில்லென்று ஈரம். அதற்கு நேர் மேலே ஃபாகர் மூக்கிலிருந்து ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, பெட்டி மேல் விழுந்தது. இன்னொன்று திரண்டது. குடில் முழுக்கக் கொதித்தபோது இது மட்டும் ஈரத்துணி போட்ட பானை மாதிரிக் குளிர்ந்துகொண்டு இருந்திருக்கிறது. சொன்னேன்.

"எத்தன நாளா ஒழுகுது?"

"தெரியலைங்க. நேத்து மத்தியானம் நான் உள்ள வரல."

"கார்த்திகையிலயும் இப்படித்தான் இருந்துச்சா? அப்பவும் பன்னெண்டுதான் காட்டுச்சு."

இறங்கி வெளியே வந்து வேலியோரம் நின்றேன். காற்று நன்றாக அடித்தது. அன்றைக்கும் மெஷின்தான் தப்பு என்று சொல்லிவிடலாம், அவரே வழிவிட்டுக் கொடுக்கிறார், ஆமாங்க என்றால் போதும். ஆனால் நாய் சுருண்டு கிடந்தது. குளிர் இருந்தது. இல்லை, வெளியே குளிர், உள்ளே எப்படி என்று யாருக்குத் தெரியும், டிசம்பரில் மெக்கானிக் வந்து எல்லா ஃபாகர் மூக்கையும் கழற்றித் துடைத்துவிட்டுப் போனார், அதற்கு முன்னால் எது எப்படி ஒழுகியது என்பதற்குச் சாட்சி இல்லை. இனி அது தெரியவே போவதில்லை.

"தெரியலைங்க," என்றேன். "அன்னிக்கு நிஜமா என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியல. எனக்குச் சூடா இருந்துச்சு. ஒரு வருஷமா எனக்கு இப்படி வருது. திடீர்னு வரும். மாசாமாசம் வர்றது நின்னுடுச்சு, அஞ்சு மாசம் ஆச்சு. டாக்டரப் பாத்தேன், இந்த வயசுல வர்றதுதான்னாங்க. அதனாலதான் எது சூடு, எது நான்னு எனக்கு..."

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை. நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே யாரோ ஹிந்தியில் சத்தம்போட்டு அவரைக் கூப்பிட்டார்கள், சம்பங்கி பாய், சம்பங்கி பாய் என்று. அவர் ஏதோ சொல்லி ஒரு கதவைச் சாத்துவது கேட்டது. மெஷின் இரைச்சல் நின்றது.

"ஏன் சொல்லல?" என்றார். பதில் வேண்டிக் கேட்ட மாதிரி இல்லை. அப்புறம், "வலிக்குமா?" என்றார்.

"வலியில்ல."

"அந்த மூணாவது வரிசையில உக்காருவியே, அது இதுக்கா?"

அவர் அதைக் கவனித்திருக்கிறார், ஆனால் என்னவென்று நினைத்திருந்தார், எத்தனை நாளாக. கேட்கலாம் என்று வாயைத் திறந்தபோது நெஞ்சுக்குள் அது எழும்பியது. வெட்டவெளி, காற்று முகத்தில் அடிக்கிறது, பக்கத்தில் பாலிஹவுஸ் இரண்டு புறமும் திறந்து கிடக்கிறது, ஆனாலும் வருகிறது.

"இப்ப வருதுங்க," என்றேன்.

"என்ன வருது?"

"அதுதான். சூடு."

"நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண முடியாது. அஞ்சு நிமிஷம் ஆகும்."

"சரி. வைக்காத. இருக்கேன்."

அவர் மூச்சு மட்டும் கேட்டது. வேலிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். கொஞ்சம் கழித்து, எங்க இருக்கு இப்ப என்று மெதுவாகக் கேட்டார். கழுத்து வரை வந்துவிட்டது என்றேன்.